நோயை அறியுமுன் விலங்கை அறிவோம்

(வட மாநிலக் கால்நடை மருத்துவக் கல்லூரி ஒன்றில் முதலாண்டு மாணவர்களிடையே நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



கால்நடை மருத்துவம் பயிலப்போகும் உங்களிடம் பேசுவதற்குப் பொருளாதாரம் படித்த ஒருவனை அழைத்திருக்கிறீர்கள். மாட்டின் நாடியைப் பார்க்கவும் அறியாதவன் நான். ஆயினும், வளர்ச்சித் திட்டங்களை மதிப்பிடும் பணியில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக ஊர் ஊராகச் சென்றவன் என்னும் முறையில் ஒன்றை மட்டும் உறுதியாகக் கூறலாம். நிலமற்ற ஒரு குடும்பத்தின் வரவு செலவுக் கணக்கைத் தேடிச் சென்றால், அது பெரும்பாலும் வீட்டின் பின்புறமுள்ள கொட்டிலில்தான் நம்மைக் கொண்டுபோய் நிறுத்தும். அந்தக் கொட்டிலுக்குள் நாளை நுழையப்போகிறவர்கள் நீங்கள். ஆகவே உங்களுடன் பேச எனக்கும் ஓர் உரிமை உண்டு எனக் கருதுகிறேன்.

நீங்கள் பெறப்போகும் பட்டத்தின் பெயரில் இரண்டு பகுதிகள் உள்ளன. கால்நடை மருத்துவ அறிவியல் என்பது ஒன்று. கால்நடைப் பராமரிப்பு என்பது மற்றொன்று. மருத்துவம் என்ற சொல்லுக்காகவே நம்மில் பலர் இக்கல்லூரிக்கு வருகிறோம். பராமரிப்பு என்பது தேர்வில் தேறுவதற்காகப் படித்து மறக்கவேண்டிய பகுதி என்ற எண்ணம் மாணவரிடையே இருப்பதாகப் பேராசிரியர் பலர் என்னிடம் வருந்திக் கூறியிருக்கின்றனர். இந்த எண்ணம் தவறானது என்பதையும், அத்தவற்றின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதையும் இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

இரு நாடுகள், இரு வழிகள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கால்நடை மருத்துவர் ஆக விரும்பும் மாணவர், பள்ளிப் படிப்பு முடிந்தவுடன் மருத்துவக் கல்லூரியில் நுழைவதில்லை. முதலில் ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து அடிப்படை அறிவியல் பாடங்களை முடிக்க வேண்டும். பெரும்பாலோர் நான்காண்டுப் பட்டம் பெற்ற பின்னரே நான்காண்டுக் கால்நடை மருத்துவப் படிப்புக்குச் செல்கின்றனர். அவர்களுள் பலர் அந்த முதற் பட்டத்துக்கு விலங்கு அறிவியலைத் தேர்ந்தெடுக்கின்றனர். 1862ஆம் ஆண்டு இயற்றப்பட்ட மாரில் சட்டத்தின் பயனாகத் தோன்றிய நிலக்கொடைக் கல்லூரிகள் இப்பாடத்தைப் பண்ணைகளோடு இணைத்து வளர்த்தன. தீவனம், இனவிருத்தி, உடலியல், பண்ணைப் பொருளாதாரம் ஆகியவற்றை அறிந்த பின்னரே மாணவர் நோயின் பக்கம் திரும்புகிறார்.

நம் நாட்டு முறை வேறு. பன்னிரண்டாம் வகுப்பை முடித்த 17 அல்லது 18 வயது மாணவர் நேரடியாகவே கால்நடை மருத்துவக் கல்லூரியில் சேர்கிறார். இந்தியக் கால்நடை மருத்துவ மன்றம் 2016ஆம் ஆண்டு வகுத்த குறைந்தபட்சத் தரவிதிகளின்படி, நான்கரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டு உள்ளுறைப் பயிற்சியுமாக மொத்தம் ஐந்தரை ஆண்டுகள் பயில வேண்டும். உங்களுள் நீட் தேர்வின் வழியே அகில இந்திய ஒதுக்கீட்டில் வந்தோரும் இருப்பீர்கள். அத்தேர்வுக்காக நீங்கள் படித்த உடலியல் பெரும்பாலும் மனித உடலியலே. அசைபோடும் விலங்கின் நான்கு அறை வயிறு உங்களிற் பலருக்கு இன்னும் ஒரு படம் மட்டுமே. நகரத்தில் வளர்ந்த சிலர் இதுவரை ஒரு மாட்டைத் தொட்டும் இருக்கமாட்டீர்கள். இது குற்றமன்று, நம் கல்வி அமைப்பு அவ்வாறு இருக்கிறது.

ஆகவே, அமெரிக்க மாணவர் மருத்துவக் கல்லூரிக்கு வெளியே சில ஆண்டுகளில் பெறும் முன்பயிற்சியை, நீங்கள் கல்லூரிக்குள்ளேயே தொடக்க ஆண்டுகளில் பெற வேண்டியிருக்கிறது. கால்நடை உற்பத்தி மேலாண்மை, உடற்கூறு, உடலியல் ஆகியவையும், அவற்றைத் தொடர்ந்து வரும் தீவன இயல், மரபியல், இனவிருத்தி ஆகியவையும்தாம் அந்த முன்பயிற்சி. இவற்றை அலட்சியம் செய்பவர், அடித்தளம் இல்லாமல் மேல்மாடி கட்டுபவரை ஒப்பர்.

நோயிலிருந்து தொடங்கிய வரலாறு

மருத்துவத்துக்கு மட்டும் உயர்வளிக்கும் மனப்பான்மைக்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. இந்நாட்டில் கால்நடை மருத்துவக் கல்வி, படைக் குதிரைகளின் தேவையாலும் கொள்ளைநோய்களின் அச்சத்தாலும் உருவாயிற்று. வெக்கை நோய் முதலிய கொள்ளைநோய்களை ஆராய அமைக்கப்பட்ட குழு 1871இல் தன் அறிக்கையை அளித்தது. 1882இல் லாகூரிலும், 1886இல் பம்பாயிலும், 1903இல் சென்னையிலும் கால்நடை மருத்துவக் கல்வி நிலையங்கள் தோன்றின. 1889இல் புனாவில் தொடங்கி, பின்னர் முக்தேசுவரத்துக்கு மாற்றப்பட்ட ஆய்வுக்கூடமே இன்று இசத்நகரில் இயங்கும் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிலையமாக வளர்ந்தது. கால்நடை வளர்ப்பும் பால்பண்ணையும் பற்றிய தனி நிலையம் 1923இல்தான் பெங்களூரில் ஏற்பட்டது. அதுவே 1955இல் கர்னாலுக்கு மாறிய தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிலையமாகும்.

அந்த மருத்துவம் பெற்ற வெற்றி மகத்தானது. ஊர் ஊராக மாடுகளை அழித்த வெக்கை நோய்க்கு எதிரான தேசியத் திட்டம் 1954இல் தொடங்கியது. 2006இல் இந்தியா அந்நோய்த் தொற்று அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. 2011இல் உலகமே அதனின்று விடுபட்டது. இவ்வெற்றிக்குத் தலைவணங்காதவர் எவரும் இரார்.

ஆனால் பெருங்கொள்ளை நோய் விலகியபின் எஞ்சி நிற்கும் இழப்பு வேறு தன்மையது. அது ஓசையின்றி நடப்பது. ஊரே திரண்டு அழும் சாவு அங்கில்லை. சினை பிடிக்காத எருமை, எடை ஏறாத கன்று, எட்டு லிட்டர் தரவேண்டிய இடத்தில் நான்கு லிட்டர் தரும் பசு என்ற வடிவில் அவ்விழப்பு நிற்கிறது. நோய் என்று பெயர் சூட்ட இயலாத நிலை அது. அதற்கு விடை மருந்துப் பெட்டியில் கிடைப்பது அரிது.

ஓர் எருமையின் கதை

1997ஆம் ஆண்டு, ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட கறவை விலங்குகளைப் பற்றிய ஒரு மதிப்பீட்டுக்காகப் புந்தேல்கண்டு பகுதிக்குச் சென்றிருந்தேன். அப்போது நான் பணியில் புதியவன். கையில் அச்சிட்ட படிவம் இருந்தது. விலங்கு உயிருடன் உள்ளதா, காப்பீடு செய்யப்பட்டதா, காதில் எண்வில்லை உள்ளதா, கடன் தவணை செலுத்தப்பட்டதா என்று நாற்பதுக்கும் மேற்பட்ட கட்டங்கள் அதில் இருந்தன.

ஒரு கிராமத்தில், கணவனை இழந்த ஒரு பெண்மணி மானியமும் வங்கிக் கடனும் பெற்று ஓர் எருமை வாங்கியிருந்தார். ஏழு மாதம் பால் கறந்தது, பின்னர் வற்றிவிட்டது. ஓராண்டுக்கு மேல் ஆகியும் அது சினை பிடிக்கவில்லை. மருத்துவர் இருமுறை வந்து பார்த்ததாகவும், ஊசி போட்டு, குடற்புழு மருந்தும் கொடுத்ததாகவும் அவர் கூறினார். எருமைக்கு என்ன நோய் என்று கேட்டேன். “நோய் ஒன்றும் இல்லை என்கிறார்கள் ஐயா, ஆனால் கன்றும் இல்லை” என்றார். கொட்டிலில் கோதுமை வைக்கோல் குவித்திருந்தது. வேறு எதையும் நான் பார்க்கவில்லை. பார்க்க எனக்குத் தெரியவும் இல்லை.

படிவத்தின் கடைசிக் கட்டத்தில், ஆதாயம் தராத சொத்து என்றும், பயனாளி முறையாகப் பராமரிக்கத் தவறிவிட்டார் என்றும் எழுதினேன். சில மாதங்கள் கழித்து அவ்வழியே மறுபடியும் செல்ல நேர்ந்தது. எருமையை வியாபாரி ஒருவருக்குப் பாதி விலைக்கும் குறைவாக விற்றுவிட்டார்கள். கடன் மட்டும் மிஞ்சியிருந்தது. அப்பெண்மணி செங்கற் சூளைக்கு வேலைக்குப் போயிருந்தார்.

பல ஆண்டுகளுக்குப் பின், கர்னாலில் ஒரு பயிற்சியின்போது, ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் என்னிடம் நான்கே வினாக்கள் கேட்டார். இரவிலும் விடியற்காலையிலும் அந்த எருமையை யார் கவனித்தார்கள்? பசுந்தீவனம் ஆண்டில் எத்தனை மாதம் கிடைத்தது? தாது உப்புக் கலவை கொடுத்தார்களா? கோடையில் அதற்கு நிழலும் நீரும் இருந்தனவா?

எருமை சினைப் பருவத்துக்கு வரும்போது பசுவைப் போல உரக்கக் கத்துவதோ பிற மாடுகளின்மேல் தாவுவதோ குறைவு என்றும், அறிகுறிகள் இரவிலேயே தோன்றி மறைவதுண்டு என்றும், கோடை வெப்பத்தில் அவை இன்னும் மங்கிவிடும் என்றும் அவர் விளக்கினார். வெறும் வைக்கோலில் வாழும் எருமையின் உடல், முதலில் தன்னைக் காத்துக்கொள்ளும். கருத்தரிப்பதைப் பின்னுக்குத் தள்ளிவிடும் என்றார். விலங்கை நேரில் காணாமல் முடிவு கூற இயலாது என்று சொல்லிவிட்டு, “ஆனால் இத்தகைய எருமைகளுள் பெரும்பாலானவற்றுக்குத் தேவைப்படுவது ஊசியன்று” என்று முடித்தார்.

அந்த நான்கு வினாக்களில் ஒன்றுக்கும் என்னிடம் விடை இல்லை. நாற்பது கட்டங்கள் கொண்ட என் படிவத்தில் அவற்றில் ஒன்றும் இடம்பெறவில்லை. ஊசி போட்ட மருத்துவரும் அவற்றைக் கேட்டதாகத் தெரியவில்லை. பராமரிக்கத் தவறியவர் அப்பெண்மணி என்று நான் எழுதினேன். எவ்வாறு பராமரிப்பது என்று அவரிடம் சொல்லத் தவறிய எங்களைப் பற்றி எழுத அப்படிவத்தில் கட்டமில்லை.

21 நாள் கணக்கு

பொருளாதாரம் படித்தவன் ஆதலால் ஒரு சிறு கணக்கையும் கூற விரும்புகிறேன். பசுவும் எருமையும் ஏறத்தாழ 21 நாள்களுக்கு ஒருமுறை சினைப் பருவத்துக்கு வருகின்றன. அப்பருவம் நீடிப்பது ஒரு நாளுக்கும் குறைவாகவே. அதைக் கவனிக்கத் தவறினால் மேலும் 21 நாள் காத்திருக்க வேண்டும். பால் வற்றிய விலங்கின் தீவனச் செலவு நாளொன்றுக்கு 150 ரூபாய் என்று கணக்கின் எளிமைக்காக வைத்துக்கொள்வோம். ஒரு பருவம் தவறினால் 3,150 ரூபாய். மூன்று பருவங்கள் தவறினால் 9,450 ரூபாய். அடுத்த ஈத்தின் பால் இரண்டு மாதம் தள்ளிப்போவதால் ஏற்படும் இழப்பு இதில் சேரவில்லை.

இக்கணக்கை நாட்டளவில் எண்ணிப் பாருங்கள். 2019ஆம் ஆண்டின் 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 19.25 கோடி மாடுகளும் 10.99 கோடி எருமைகளும் உள்ளன. வெள்ளாடுகள் 14.89 கோடி, செம்மறியாடுகள் 7.43 கோடி. 1950–51இல் 170 இலட்சம் டன்னாக இருந்த பால் உற்பத்தி, 2023–24இல் 2,393 இலட்சம் டன்னாக உயர்ந்து, உலகில் முதலிடத்தில் நிற்கிறது. இந்தப் பால் சில பெரும் பண்ணைகளிலிருந்து வருவதன்று. ஒன்று அல்லது இரண்டு விலங்குகளை வைத்திருக்கும் கோடிக்கணக்கான குடும்பங்களிலிருந்து வருவது. நிலம் சிலரிடம் குவிந்திருக்கும் ஊரிலும் கால்நடைகள் ஓரளவு பரவலாகப் பகிரப்பட்டிருக்கின்றன. அவற்றுக்குத் தீவனமிட்டு, நீர் காட்டி, சாணம் அள்ளும் வேலையில் பெரும்பங்கு பெண்களுடையது. ஆகவே தவறிய ஒரு சினைப் பருவம் என்பது, ஏழைப் பெண் ஒருவரின் மூன்று வார வருமானம் என்றே நாம் கொள்ள வேண்டும்.

தீவனத்தில் தொடங்கும் மருத்துவம்

பராமரிப்பு முக்கியம் என்று கூறுவதால் மருத்துவத்தைக் குறைத்துக் கூறுவதாக எண்ண வேண்டாம். 2022இல் தோல் கழலை நோய் குசராத்திலும் இராசசுத்தானிலும் பரவியபோது, நல்ல தீவனம் மட்டும் மாடுகளைக் காத்திருக்க இயலாது. தடுப்பூசியும் மருத்துவரும் தேவைப்பட்டனர். நான் வலியுறுத்துவது, நல்ல மருத்துவம் நல்ல பராமரிப்பு அறிவிலிருந்தே பிறக்கிறது என்பதுதான். நான் கேட்டறிந்த மூன்று எடுத்துக்காட்டுகளை உங்கள் முன் வைக்கிறேன். தவறிருந்தால் பேராசிரியர்கள் திருத்துவார்களாக.

முதலாவது, பால் காய்ச்சல். பெயரில் காய்ச்சல் உண்டு, நோயில் இல்லை. அதிகம் கறக்கும் பசு ஒன்று கன்று ஈன்றவுடன், அதன் இரத்தத்திலுள்ள சுண்ணாம்புச் சத்து திடீரென மடிக்கு இழுக்கப்படுகிறது. பசு தளர்ந்து, தலையை விலாப்பக்கம் திருப்பியவாறு படுத்துவிடுகிறது. இரத்தக் குழாய் வழியே சுண்ணாம்புச் சத்தை ஏற்றினால் சிறிது நேரத்தில் எழுந்து நிற்பதும் உண்டு. ஊரார் வியந்து மருத்துவரை வாழ்த்துவர். ஆனால் ஈனுவதற்கு முந்திய வாரங்களில் அளவுக்கு மீறிச் சுண்ணாம்புச் சத்தைக் கொடுத்தால், தன் எலும்பிலிருந்து அதை எடுத்துக்கொள்ளும் திறனை உடல் தளர்த்திவிடுகிறது என்பதைத் தீவன இயல் கற்பிக்கிறது. அதை அறிந்த மருத்துவர், பசு விழுமுன்பே வற்றுக்காலத் தீவனத்தைத் திருத்திவிடுவார். அவரை யாரும் வாழ்த்தமாட்டார்கள். ஏனெனில் பசு விழவே இல்லை.

இரண்டாவது, திருமண வீட்டில் மிஞ்சிய சோற்றையும் மாவுப் பண்டத்தையும் அன்போடு மாட்டுக்குக் கொட்டுவது. ரூமன் எனப்படும் முதல் வயிற்றறையில் வாழும் நுண்ணுயிர்கள் நாரை உண்ணப் பழகியவை. மாவுப்பொருள் திடீரென மிகுந்தால் அமிலம் பெருகி மாடு சாகவும் கூடும். அந்த வயிற்றின் இயல்பை அறியாதவர் நஞ்சு வைத்தவரைத் தேடுவார். அறிந்தவர், நேற்று ஊரில் விருந்து நடந்ததா என்று கேட்பார்.

மூன்றாவது, தடுப்பூசி. கோமாரி நோயையும் புரூசெல்லோசிசு என்னும் கருச்சிதைவு நோயையும் ஒழிக்க 2019இல் 13,343 கோடி ரூபாய் மதிப்பில் தேசியத் திட்டம் தொடங்கப்பட்டது. இவற்றுள் கருச்சிதைவு நோய்க்கான தடுப்பூசி 4 முதல் 8 மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்கே போடப்படுகிறது. கன்று பிறந்த நாளைக் குறித்துவைக்கும் பழக்கம் இல்லாத ஊரில் இத்திட்டத்தை எவ்வாறு நிறைவேற்றுவது? பண்ணைப் பதிவேடு எழுதும் பாடம் இங்கே நோய்த்தடுப்பின் முதற்படி ஆகிறது.

மாணவர்க்கும் அலுவலர்க்கும்

மாணவ நண்பர்களே, ஒவ்வொரு கால்நடை மருத்துவக் கல்லூரியும் பயிற்சிக்கென ஒரு கால்நடைப் பண்ணை வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அந்தப் பண்ணையில் ஒரே ஒரு விலங்கை உங்களுடையதாகத் தேர்ந்துகொள்ளுங்கள். அது என்ன தின்கிறது, எவ்வளவு நீர் குடிக்கிறது, எத்தனை நேரம் அசைபோடுகிறது, எப்போது படுக்கிறது, எந்நாளில் பருவத்துக்கு வருகிறது, அதற்கு ஆகும் செலவென்ன, அது தரும் வரவென்ன என்று ஓராண்டு முழுவதும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். நலமாயுள்ள விலங்கின் ஓராண்டை அறிந்தவருக்கு, நோயுற்ற விலங்கின் ஒரு நாள் எளிதில் விளங்கும்.

அடுத்ததாக, கொட்டிலில் வேலை செய்யும் பெண்ணிடம் பேசக் கற்றுக்கொள்ளுங்கள். மருத்துவர் வந்ததும் முன்னால் வந்து நின்று பேசுபவர் பெரும்பாலும் வீட்டின் ஆண்மகன். ஆனால் எருமை நேற்றிரவு என்ன செய்தது என்பதை அறிந்தவர் பின்னால் நிற்பவர்.

இங்கு அமர்ந்திருக்கும் அலுவலர்களுக்கும், இவ்வுரையைப் படிக்கப்போகும் அலுவலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இன்று 1962 என்ற எண்ணை அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வாயிலுக்கே வரும் வசதி பல மாநிலங்களில் ஏற்பட்டுள்ளது. இது பாராட்டத்தக்கது. ஆனால் அவ்வூர்தியின் பணியை அளக்கும்போது, எத்தனை ஊசிகள் போடப்பட்டன என்பதோடு நின்றுவிடக் கூடாது. எத்தனை வீடுகளில் தீவனத்தைப் பற்றிப் பேசினார்கள், அவற்றுள் எத்தனை விலங்குகள் அடுத்த ஆண்டு கன்று ஈன்றன என்பதையும் எண்ண வேண்டும். நாம் எதை எண்ணுகிறோமோ அதையே களத்தில் செய்வார்கள். பயிரிடும் நிலத்தில் நூற்றுக்கு நான்கைந்து பங்கு அளவே தீவனப் பயிருக்குக் கிடைக்கும் நாட்டில், கறவை விலங்கு வாங்கக் கடன் கொடுக்குமுன் அதற்குத் தீவனம் எங்கிருந்து வரும் என்று கேட்காத திட்டம் பாதித் திட்டமே ஆகும்.

நான் மறுபடியும் அந்த நான்கு வினாக்களுக்கே வருகிறேன். இரவில் யார் கவனித்தார்கள்? பசுந்தீவனம் எத்தனை மாதம்? தாது உப்பு உண்டா? நிழலும் நீரும் உண்டா? இவற்றைக் கேட்க மருத்துவப் பட்டம் தேவையில்லை. ஆனால் இவற்றைக் கேட்கத் தெரியாத மருத்துவப் பட்டத்தால் அப்பெண்மணிக்குப் பயனில்லை. ஐந்தரை ஆண்டுகள் கழித்து உங்களுள் ஒருவர் அத்தகைய ஒரு கொட்டிலில் நிற்கப்போகிறீர்கள். பையிலிருந்து ஊசியை எடுக்குமுன் இந்நான்கையும் கேட்பீர்களானால், 1997இல் நான் எழுதிய அந்தத் தவறான வரியை இன்னொருவர் எழுத நேராது.